கணினிக்கு உங்கள் மண் தெரியாது

கணினிக் கணக்கை நம்பித் தண்ணீர் விட்டு வாடிய வயல்களில், இந்தப் பருவத்தில் நான் பார்க்கும் மூன்றாவது வயல் இது. உடுமலைப்பேட்டைப் பக்கம், பூக்கும் தருணத்தில் மக்காச்சோளம். காலை ஒன்பது மணிக்கே இலைகள் சுருண்டு நின்றன. "பன்னிரண்டு நாளைக்கு ஒரு தண்ணீர் போதும் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதுங்க சார்" என்று கைப்பேசியை நீட்டினார் விவசாயி.

கடப்பாரை வாங்கிக் குழி தோண்டினேன். ஒன்றரை அடியில் 'ணங்' என்றது. சுக்கான்கல். அதற்கு மேலே இருந்தது மணல் கலந்த செம்மண். வேர்கள் கல்லில் முட்டிப் பக்கவாட்டில் ஓடியிருந்தன. தண்ணீர் விடும் நாளைக் கணக்கிட்டுச் சொன்ன அந்தக் கைப்பேசிச் செயலியில் மண் வகையைப் பார்த்தேன்: களிமண், ஒரு மீட்டர் ஆழம். முதல் நாள் அதில் இருந்ததை யாரும் மாற்றவேயில்லை.

எத்தனை முறை சொல்வது! கணினி உங்கள் வயலுக்கு வந்து ஈரத்தைத் தொட்டுப் பார்ப்பதில்லை. நீங்கள் கொடுத்ததை வைத்துக் கணக்குப் போடுகிறது. அந்தப் பயிர் நாளொன்றுக்கு, வயல் முழுக்க 6 மில்லிமீட்டர் உயரம் நிற்கும் அளவு தண்ணீர் குடிக்கிறது. அந்தக் கணக்கு சரிதான். ஒரு மீட்டர் ஆழக் களிமண்ணில், பயிர் வாடாமல் எடுக்கக்கூடிய நீர் சுமார் 85 மில்லிமீட்டர். இரண்டு வாரம் தாங்கும். அவருடைய ஒன்றரை அடிச் செம்மண்ணில் அது 20தான். மூன்று நாளில் தீர்ந்துவிடும்! மீதி ஒன்பது நாளும் பயிர் பட்டினி. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2009இல் வெளியிட்ட அக்வாகிராப் என்ற பயிர்-நீர்க் கணக்கு மென்பொருளில், வேரைத் தடுக்கும் அடுக்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைப் பதியத் தனி இடமே உண்டு. அதை நிரப்பாமல் கடந்துபோனால் கணினி என்ன செய்யும்?

விதைப்பதற்கு முன் வயலில் இரண்டு மூன்று இடத்தில் குழி எடுங்கள். ஒரே வயலில் மேட்டில் செம்மண்ணும் பள்ளத்தில் கரிசலும் கிடந்தால் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. பக்கத்து ஊர் மழையைப் பதியாதீர்கள்; உங்கள் வயலில் ஒரு மழைமானி வையுங்கள். மோட்டார் எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்பதை டிரம்மும் கடிகாரமும் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஏக்கருக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் சுமார் 4,000 லிட்டர். இது தெரியாமல் 'இரண்டு மணி நேரம் விட்டேன்' என்றால் அது கணக்கே இல்லை.

கதிரில் பட்டு நூல் தலைகாட்டும் நாட்களில் மட்டுமாவது, கும்பிட்டுக் கேட்கிறேன், தினமும் காலையில் வேரடி மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால், திரையில் என்ன தேதி இருந்தாலும் அன்றே தண்ணீர் விடுங்கள். அந்த விவசாயியும் அன்றே மோட்டாரைப் போட்டார். இலைகள் நிமிர்ந்தன. கதிர் நுனியில் மணி பிடிக்கவில்லை.