சீக்வல்: இரண்டாம் பாகமா, தொடர்ச்சியா?

ஒரு சூப்பர்ஹீரோ படம் ஓடிவிட்டால் அடுத்த படம் வரப்போகும் செய்தியை நாளிதழ்கள் "இரண்டாம் பாகம்" என்று எழுதுகின்றன. தியேட்டர் வாசலில் "செகண்ட் பார்ட்" என்கிறார்கள். காமிக்ஸ் படிக்கிறவர்கள் நான்கு பேர் சேர்ந்தால் "சீக்வல்" என்ற சொல்தான் காதில் விழும். மூன்றையும் ஒரே பொருளில் புழங்குகிறோம். ஆனால் பாகம் என்பது ஒன்று, சீக்வல் என்பது வேறு. காமிக்ஸ் ரசிகர் ஒருவர் இந்தப் படங்களைப் பார்க்கும் விதத்தை யோசித்தால் அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

சீக்வல் ஆங்கிலத்துக்கு வந்த சொல், அங்கே பிறந்த சொல் அல்ல. லத்தீனில் "செக்வி" என்றால் பின்னால் போவது. அதிலிருந்து "செக்வேலா" என்ற பெயர்ச்சொல் வந்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதற்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லை. பிரபுவின் பின்னால் போகும் கூட்டம், அதாவது பரிவாரம், என்பதுதான் அப்போதைய பொருள். முந்தைய கதையின் பின்னால் வரும் கதை என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில் ஏறியது. மருத்துவர்கள் இன்றும் பழைய வடிவத்தையே வைத்திருக்கிறார்கள். நோய் போன பிறகு உடம்பில் தங்கிவிடும் பாதிப்பை அவர்கள் செக்வேலா என்பார்கள்.

சீக்வென்ஸ், கான்சிக்வென்ஸ் எல்லாம் இதே வேரில் முளைத்தவை. "செகண்ட்" என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். லத்தீனில் "செக்குண்டுஸ்" என்றால் பின்வருவது. ஒன்றுக்குப் பின்னால் வருவது என்பதால் இரண்டாவது. ஆகவே "செகண்ட் பார்ட்" என்று சொல்கிறவரும் தெரியாமலே சீக்வலின் வேரைத்தான் தொடுகிறார். சிக்கல் செகண்டில் இல்லை, பார்ட்டில் இருக்கிறது.

பார்ட்டுக்கு நாம் வைத்திருக்கும் சொல் பாகம். வடமொழியின் பாக என்பதிலிருந்து வந்தது, பங்கு என்று பொருள். பாகப்பிரிவினை என்கிறோமே, அதே பாகம். முதலில் முழுச் சொத்து ஒன்று இருக்க வேண்டும், அதைப் பிரித்தால்தான் பாகம் கிடைக்கும். இந்தக் கணக்கில் 2022, 2023 ஆண்டுகளில் வந்த பொன்னியின் செல்வன் படங்கள் இரண்டும் மெய்யாகவே பாகங்கள். கல்கி எழுதி முடித்த ஒரே நாவலை இரண்டாகப் பிரித்து எடுத்தார்கள், முதல் படத்தோடு எழுந்து போனால் கதை பாதியில் நிற்கும். 2010இல் வந்த எந்திரன் அப்படியில்லை. அது தன்னளவில் முடிந்த கதை. 8 ஆண்டு கழித்து வந்த 2.0 அதன் சீக்வல். அதைப் பாகம் என்றால், முதல் படம் எடுத்தபோதே பாதியை ஒதுக்கி வைத்தார்கள் என்று ஆகிவிடும்.

சரி, காமிக்ஸிலிருந்து வந்த படத்துக்குப் போவோம். நான் எடுத்துக்கொள்வது 2004இல் சாம் ரெய்மி இயக்கிய ஸ்பைடர்மேன் 2. சூப்பர்ஹீரோ தொடர்ச்சிகளில் இதற்கு மேல் ஒன்றை நான் பார்த்ததில்லை. அந்தப் படத்தில் ஸ்பைடர்மேனாக வாழும் பீட்டர் பார்க்கர் எல்லாம் போதும் என்று முடிவெடுத்து, ஸ்பைடர்மேன் உடையைச் சந்திலிருக்கும் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறான். முன்னால் தொட்டியில் தொங்கும் உடை, பின்னால் முதுகைக் காட்டி நடந்து விலகும் பீட்டர். பொதுவான பார்வையாளருக்கு அது ஒரு சோகமான காட்சி. காமிக்ஸ் படித்தவருக்கு அது 1967 ஜூலை. ஸ்டான் லீ எழுதி ஜான் ரொமிட்டா வரைந்த அமேசிங் ஸ்பைடர்மேன் 50ஆம் இதழில் உள்ள கட்டம் அப்படியே திரையில் எழுந்து நிற்கிறது.

அந்த இதழையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் சுவை. காமிக்ஸில் ஒரு சிறுவன் உடையைக் கண்டெடுத்துப் பத்திரிகை அதிபர் ஜேம்சனிடம் கொண்டுபோகிறான். படத்தில் குப்பை அள்ளுகிறவர் கொண்டுபோகிறார். பின்னாளில் பெரிய வில்லனாக வளர்ந்த கிங்பின் முதன்முதலாகத் தலைகாட்டியது இந்த 50ஆம் இதழில்தான், படமோ அவரைத் தொடவில்லை. படத்தின் வில்லன் டாக்டர் ஆக்டோபஸ். காமிக்ஸில் அவர் வந்தது 1963இல், 3ஆம் இதழில். காமிக்ஸில் பீட்டர் அதே இதழுக்குள் மனம் மாறித் திரும்பிவிடுகிறான். படம் அந்த ஒரு முடிவை எடுத்துப் படம் நெடுகப் பரப்பி, அவனுடைய சக்தியே உடம்பை விட்டு நழுவும்படி செய்கிறது.

இப்போது முதல் படத்தைப் பாருங்கள். 2002இல் வந்த அதன் உச்சக்காட்சியில் வில்லன் கிரீன் காப்ளின், பீட்டரின் காதலி மேரி ஜேனைப் பாலத்தின் உச்சிக்குக் கொண்டுபோய்க் கீழே விடுகிறான், ஸ்பைடர்மேன் காப்பாற்றிவிடுகிறான். காமிக்ஸில் பாலத்திலிருந்து விழுந்தவள் பீட்டரின் இன்னொரு காதலி க்வென் ஸ்டேசி. 1973இல் வந்த 121ஆம் இதழ் அது, அவள் பிழைக்கவில்லை. அடுத்த இதழில் காப்ளின் தன் பறக்கும் வண்டியே குத்திச் செத்தது முதல் படத்தில் அப்படியே வருகிறது. ஆக, முதல் படத்தின் முடிவு 1973இலிருந்து எடுத்தது, "இரண்டாம் பாகத்தின்" வில்லனும் கருவும் 1963, 1967 ஆண்டுகளிலிருந்து எடுத்தவை. மூலத்தின் வரிசையில் வைத்தால் பின்னது முன்னால் போய்விடும். காமிக்ஸ் ரசிகர் சீக்வலைப் பார்க்கும்போது மனசுக்குள் ஓடுவது இந்த இரட்டை வரிசைதான். அதனால்தான் எண் போட்டு ஒன்று, இரண்டு என்று பிரிக்கும் சொல் அவருக்குப் போதவில்லை.

அப்படியானால் எது பொருந்தும்? தொடர்ச்சி என்பதே என் துணிபு. வளர் வளர்ச்சி ஆனதுபோல, உணர் உணர்ச்சி ஆனதுபோல, தொடர் தொடர்ச்சி ஆகிறது. தொடர்தல் என்றால் பின்னால் போவது, இந்த மட்டில் லத்தீன் வேரும் தமிழ் வேரும் ஒன்று. ஆனால் தமிழ்ச் சொல்லில் இன்னொரு பொருளும் உண்டு. தொடர் என்றால் சங்கிலி. புறநானூற்றின் 74ஆம் பாட்டில், சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை தன்னைத் "தொடர்ப்படு ஞமலி" போல என்று சொல்லிக்கொள்கிறான். சங்கிலியில் கட்டிய நாய் என்று பொருள். திருவள்ளுவர் "பண்புடையாளர் தொடர்பு" என்னும்போது நட்பைச் சொல்கிறார், அதுவும் ஒரு கட்டுதான். பரிவாரம் பிரபுவின் பின்னால் போகும், பிரபுவுக்கு அதனால் ஒரு மாற்றமும் இல்லை. சங்கிலியில் அப்படியில்லை. ஒரு வளையத்தை அசைத்தால் மற்றதும் அசையும். நல்ல சீக்வல் முந்தைய படத்தின் பொருளையும் மாற்றிவிடுகிறது, அதைத் தொடர் என்ற வேர் சொல்கிறது, சீக்வல் என்ற வேர் சொல்லவில்லை.

ஒவ்வொன்றும் தனித்து நிற்க முடியுமா என்ற கேள்விக்கும் இந்தச் சொல்லில் இடம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். அதில் ஒவ்வொரு மலைக்கும் தனிப் பெயர், தனிச் சிகரம். ஆனாலும் தொடர்ச்சி.

தமிழுக்கு இந்த வகை புதிதும் அல்ல. சிலப்பதிகாரத்தின் இறுதியில் வரும் நூற்கட்டுரை, "மணிமேகலைமேல் உரைப்பொருள் முற்றிய சிலப்பதிகாரம் முற்றும்" என்று முடிகிறது. இங்கே சொல்லவந்த பொருள் மணிமேகலையில் போய் நிறைவுறும் என்று கதை முடியும் இடத்திலேயே ஒரு கொக்கி. போஸ்ட் கிரெடிட் காட்சிக்காக விளக்கு எரிந்த பிறகும் இருக்கையில் காத்திருக்கிறோமே, அந்தக் காட்சி செய்யும் வேலையும் இதுதான். அப்புறம் மணிமேகலையைத் திறந்தால் புகார் நகரத்து இந்திர விழாவில் மாதவியும் மகளும் ஆட வரவில்லை. கோவலன் இறந்த செய்தி அந்த வீட்டை அடைந்துவிட்டது. முதல் காப்பியத்தில் ஓரமாக நின்ற மகள் இரண்டாவதில் நாயகி. எழுதியவர் வேறு, சமயச் சார்பு வேறு, இருந்தும் கதை ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கிறது. இரட்டைக் காப்பியங்கள் என்று சொன்னார்களே தவிர, மணிமேகலையைச் சிலம்பின் இரண்டாம் பாகம் என்று சொல்லவில்லை.

சிலர் சீக்வலுக்குப் "பின்கதை" என்று எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். பின் என்றால் காலத்தில் பிற்பாடு, இடத்தில் முதுகுப்புறம். ஒரு பாத்திரத்தின் பழைய வாழ்க்கையையும், அதாவது கதைக்குப் பின்னணியில் கிடப்பதையும், பின்கதை என்று குறிக்கிறார்கள். ஒரே சொல் கதைக்கு முந்தியதையும் பிந்தியதையும் குறித்தால் படிக்கிறவர் குழம்புவார். "தொடர்படம்" என்றாலும் வாராவாரம் வரும் தொடரோ என்று தோன்றும்.

ப்ரீக்வலுக்கு மட்டும் நல்ல சொல் தயாராக இருக்கிறது: முன்கதை. ப்ரீக்வல் என்பது 20ஆம் நூற்றாண்டில் சீக்வலின் தலையை வெட்டி, முன் என்ற பொருள் தரும் ஒட்டைச் சேர்த்துப் புனைந்த சொல். நம் வார இதழ்களில் தொடர்கதைக்கு மேலே கட்டம் கட்டி "முன்கதைச் சுருக்கம்" போடுவது பழைய வழக்கம். ஸ்பைடர்மேன் 2இன் எழுத்தோட்டத்தில் அலெக்ஸ் ராஸ் தீட்டிய ஓவியங்கள் முதல் படத்தை வரிசையாக நினைவூட்டுகின்றன, அது அச்சு அசலாக முன்கதைச் சுருக்கம். ப்ரீக்வல் என்பது சுருக்கமாக இல்லாமல் முழுசாக, பின்னால் எடுக்கப்பட்ட முன்கதை. இராவணனின் பிறப்பும் அவன் பெற்ற வரங்களும் உத்தர காண்டத்தில் வருகின்றன. உத்தரம் என்றால் பிந்தியது. அந்தப் பிந்திய காண்டத்துக்குள் இப்படி ஒரு முன்கதை. துணைப் பாத்திரத்தைப் பிரித்தெடுத்துத் தனிக்கதை ஆக்கும் ஸ்பின் ஆஃபுக்குக் கிளைக்கதை போதும், மகாபாரதம் கேட்டவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

ரீபூட் வேறு சங்கதி. 2012இல் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் நடித்து வந்த ஸ்பைடர்மேன் படம், சிலந்திக் கடியிலிருந்து கதையை மறுபடி ஆரம்பித்தது. அது மறுதொடக்கம், யாருக்கும் தொடர்ச்சி அல்ல. அதன் தொடர்ச்சி 2014இல் வந்தது. அதில் நாயகி க்வென் ஸ்டேசி. 121ஆம் இதழைப் படித்தவர்கள் 2012 படத்திலேயே அவள் பெயரைக் கேட்டு வயிற்றில் ஒரு பாரத்தோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் சண்டையில் யார் ஜெயிப்பார் என்று பார்க்கிறார்கள், காமிக்ஸ் ரசிகர் அவள் எந்தக் கணத்தில் விழுவாள் என்று பயந்துகொண்டே பார்க்கிறார். மணிக்கூண்டுக்குள் அவள் விழுகிறாள். ஸ்பைடர்மேன் வலைநூல் வீசிப் பிடித்தும் பிழைக்கவில்லை. 1973இன் பக்கம் 41 ஆண்டு கழித்துத் திரைக்கு வந்தது.

அதோடு விட்டார்களா? 2021இல் வந்த நோ வே ஹோம் இன்னொரு புது வரிசையின் ஸ்பைடர்மேன் படம். அதில் ரெய்மி படங்களின் ஸ்பைடர்மேன், கார்ஃபீல்டின் ஸ்பைடர்மேன், புது வரிசையின் ஸ்பைடர்மேன் மூன்று பேரும் ஒன்றாக நிற்கிறார்கள். 2004இன் டாக்டர் ஆக்டோபஸாக ஆல்ஃப்ரெட் மொலினாவே 17 ஆண்டுக்குப் பிறகு திரும்புகிறார், 2002இன் காப்ளினும் வருகிறான். கடைசிச் சண்டையில் புது வரிசைப் பீட்டரின் காதலியான எம்ஜே உயரத்திலிருந்து விழுகிறாள். பாய்ந்து பிடிப்பவன் கார்ஃபீல்டின் ஸ்பைடர்மேன். பிடித்துவிட்டு அவன்தான் கண்கலங்குகிறான். 2014இல் நழுவியது இங்கே கைக்குள் வந்து சேர்கிறது. இதற்கு அப்புறம் 2014 படத்தை மறுபடி பார்த்தால் அந்த வீழ்ச்சி பழையபடி இருக்காது. சங்கிலி என்றேனே, அது இதுதான். இந்த ஒரு படம் 2004 படத்துக்கும் தொடர்ச்சி, 2014 படத்துக்கும் தொடர்ச்சி, தன் வரிசையில் மூன்றாவது படமும்கூட. இதை எந்தப் படத்தின் எத்தனையாவது பாகம் என்று எழுத முடியும்?

ஆகவே எழுதும்போது இப்படி எழுதலாம்: "ஸ்பைடர்மேன் 2, 2002இல் வந்த படத்தின் தொடர்ச்சி." படத்தையே சுட்ட வேண்டுமானால் தொடர்ச்சிப் படம், ப் மறக்க வேண்டாம். பன்மையில் தொடர்ச்சிகள். தலைப்பில் இருக்கும் 2, 3 என்ற எண்கள் பெயரின் பகுதி, அவை அப்படியே இருக்கட்டும். ஒரே கதையை எடுக்கும்போதே இரண்டாகப் பிரித்திருந்தால் மட்டும் இரண்டாம் பாகம். பேச்சில் சீக்வல் என்று சொல்வதைத் தடுக்க வேண்டியதில்லை, தமிழ் எழுத்தில் அது நன்றாகவே உட்கார்ந்துவிட்டது.