ஊராட்சியின் வீட்டுத் திட்டம்: பட்டியலுக்கு முன்னால் பட்டா

ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று அரசியலமைப்பின் 11-வது அட்டவணை சொல்லும் 29 இனங்களில் ஊரக வீட்டுவசதியும் ஒன்று. சட்டப் பின்னணி இவ்வளவு போதும்.

நடைமுறை வேறு. அரசு வீட்டுத் திட்டத்தில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலிருந்து "இத்தனை வீடு" என்று இலக்கு வரும். கணினிப் பட்டியலைத் திறந்து, யாரிடம் பட்டா தயாராக இருக்கிறதோ அவருக்கு ஆணை கொடுப்பார்கள். பட்டா இல்லாதவருக்கு "அடுத்த முறை பார்க்கலாம்" என்பதுதான் பதில். ஓலைக் குடிசையில் 3 இலக்கு வந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்த அம்மாக்களை எனக்குத் தெரியும். பட்டியலில் பெயர் இருந்தது. காலடியில் இருந்த நிலம்தான் அவர்கள் பெயரில் இல்லை.

அதனால், ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர்களே, இலக்கு வருமுன்பே தெருத்தெருவாக நடந்து வீடு இல்லாதவர்களை எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் ஒரே கேள்வி: இந்த இடம் யார் பெயரில் இருக்கிறது? சொந்தப் பெயரில் பட்டா இருப்பவர்களைப் பற்றிக் கவலையில்லை. இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றும் பட்டா மாறுதலும் வேண்டும். இங்கேதான் அலைக்கழிப்பு. விஏஓ "சர்வேயர் வந்து அளக்கணும்" என்பார், சர்வேயர் "தாலுகாவில் கேளுங்கள்" என்பார், தாலுகாவில் மறுபடி விஏஓவைக் கைகாட்டுவார்கள். வாய்ச்சொல்லை நம்பி யாரும் திரும்பி வரக்கூடாது. இ-சேவை மையத்தில் மனு பதிந்து, மனு எண்ணை வாங்கி, ஊராட்சியும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலத்தில்) பட்டா இல்லாமல் இருப்பவர்களுக்குத் தனித்தனியாக அலைவதைவிட, எல்லாப் பெயர்களையும் சேர்த்து கிராம சபையில் தீர்மானம் போட்டு வட்டாட்சியருக்கு அனுப்புவது பலன் தரும். தேர்ந்தெடுத்த தலைவர் இருந்தாலும், அவருக்குப் பதில் அரசின் தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை கூடியே ஆக வேண்டும். அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். நீர்நிலைப் புறம்போக்கில் குடியிருப்பவர்களுக்கு அந்த இடத்திலேயே பட்டா கிடைக்காது. "வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவர் ஏமாற்றுகிறார். அவர்களுக்கு மாற்று மனை கேட்பதுதான் ஊராட்சியின் வேலை.

அடுத்து, தகுதி. பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டத்தில் பைக், ஃபிரிட்ஜ், லேண்ட்லைன் இருந்தால் தகுதியில்லை என்ற பழைய விதியை இப்போது எடுத்துவிட்டார்கள். ஆனாலும் வாசலில் பைக் நிற்பதைக் காட்டி இன்றும் பெயரை அடிக்கிறார்கள்! அப்படி நடந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாத வருமான வரம்பும் 10,000 ரூபாயிலிருந்து 15,000 ஆகிவிட்டது. அதிகம் பேர் மாட்டுவது கிசான் கடன் அட்டையில்தான். கடன் வரம்பு 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் பெயர் போய்விடும். எவ்வளவு கடன் வாங்கினார் என்று பார்க்க மாட்டார்கள், வரம்பை மட்டும்தான் பார்ப்பார்கள். வரம்பு எவ்வளவு என்று பலருக்குத் தெரியவே தெரியாது. கணக்கெடுப்புக்கு முன்பே பாஸ்புக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், வங்கிக் கணக்கு. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தார்களோ அதில்தான் பணம் விழும். படிவத்தில் ஒரு கணக்கு எழுதி, பணம் வேறு கணக்கில் விழுந்து, வரவில்லை என்று மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு.

பணமும் மொத்தமாக வராது. மத்தியத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம் ரூபாய், தவணை தவணையாக. அடுத்த தவணைக்கு, அதுவரை கட்டியதைப் புகைப்படம் எடுத்துப் பதிவேற்ற வேண்டும். அதாவது கையில் காசு இருப்பவரால்தான் வேலையை நகர்த்த முடியும். மிக ஏழையின் வீடு அடித்தளத்தோடு நின்றுவிடும், இல்லையென்றால் வட்டிக்கு வாங்குவார். யாரால் தனியாகத் தொடங்க முடியாது என்பதையும் முதல் நாளே உங்கள் நோட்டில் எழுதுங்கள். அவர்களுக்குச் செங்கல், சிமெண்ட், கொத்தனார் எல்லாம் சேர்த்து ஏற்பாடு செய்ய ஊராட்சியால் முடியும். நூறு நாள் வேலையில் கிடைக்க வேண்டிய கட்டுமானக் கூலி நாட்களையும் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வாருங்கள்: வேலை உத்தரவு கையிலும் முதல் தவணை கணக்கிலும் வரும்வரை, யார் அவசரப்படுத்தினாலும் இருக்கும் குடிசையைப் பிரிக்க வேண்டாம்.