ஜிரோமோன் என்றால் பூசணியா, பறங்கியா?

போன வருடம் மொரிஷியஸில், ரோஸ்ஹில்லில் ஒரு வீட்டு விசேஷம். வாழை இலை போட்டு ஏழு கறி பரிமாறினார்கள். எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் அதைச் ‘செத் காரி’ என்போம். இலையின் ஓரத்தில் கடுகு தாளித்து மசித்த மஞ்சள் நிறக் கறி ஒன்று. எனக்கு இடப்பக்கம் கோயம்புத்தூரிலிருந்து வந்த விருந்தாளி, வலப்பக்கம் யாழ்ப்பாணத்துக்காரர். “அரசாணிக்காய் நல்லா குழைஞ்சிருக்குதுங்க” என்றார் முன்னவர். “இது பூசணிக்காய் எல்லோ?” என்றார் மற்றவர். பரிமாறிக்கொண்டிருந்த பாட்டிக்குத் தமிழ் அவ்வளவாக வராது. இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஜிரோமோன்” என்று சொல்லி இன்னொரு கரண்டி வைத்துவிட்டு நகர்ந்தார்.

மூன்று பேர் சொன்னதும் சரிதான். ஆனால் விதை வாங்கப் போகும்போது இந்த ‘எல்லாம் சரிதான்’ உதவாது. அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதலில் பாட்டியின் சொல். ஜிரோமோன் பார்ப்பதற்குப் பிரெஞ்சுச் சொல் போலிருக்கும். பிறந்த இடம் பிரேசில். அங்கே வாழ்ந்த தூப்பி மக்களின் மொழிச் சொல் அது. இன்றைக்கும் பிரேசிலின் வடகிழக்கில் இந்தக் காயை ‘ஜெரிமூம்’ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். அந்தச் சொல் பிரெஞ்சுக்குள் நுழைந்து, பிரெஞ்சுக்காரர் குடியேறிய தீவுகளில் நிலைத்து, மொரிஷியஸ் கிரியோலிலும் தங்கிவிட்டது. கிரியோல் நாக்கு பிரெஞ்சு ஜகரத்தை வண்டு ரீங்காரமாக மாற்றிவிடும். அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லை. ஆகவே நான் ஜ போட்டு எழுதுகிறேன். தற்செயலாக அது கிரியோலைவிடப் பிரெஞ்சுக்குக் கிட்ட வந்துவிடுகிறது.

பிரான்சில் நடந்தது வேறு கதை. அங்கே ஜிரோமோன் என்ற சொல்லின் பொருள் சுருங்கிப்போய், தலைப்பாகை கட்டியது போல மேலே ஒரு வளையமும் நடுவில் ஒரு புடைப்புமாக இருக்கும் ஒரே ஒரு வகைக்குப் பெயராகிவிட்டது. இது தெரியாமல் நான் ஒரு கடையில் பிரெஞ்சு விதைப் பொட்டலம் வாங்கினேன். ‘ஜிரோமோன்’ என்று பெரிதாக எழுதியிருந்தது, படத்தைக் கவனிக்கவில்லை. கொடி ஓடியது, பூத்தது, காய்த்தது. வந்து பார்த்த அம்மா, “இது என்னடா, துருக்கிக்காரன் தலையா?” என்றார். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் விற்றதும் ஜிரோமோன், நான் கேட்டதும் ஜிரோமோன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எனக்கு ஏட்டில் இருந்ததே முளைத்து வந்து காலை வாரியது.

சரி, தமிழுக்கு வருவோம்.

பறங்கி என்ற சொல்லின் வேர் ‘ஃபிராங்க்’. சிலுவைப் போர்க் காலத்திலிருந்து அரபியர் மேற்கு ஐரோப்பியர் எல்லோரையும் ஃபிராங்குகள் என்றே அழைத்தார்கள். அது பாரசீகத்தில் ‘ஃபரங்கி’ ஆயிற்று. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய பிறகு போர்த்துகீசியருக்கு நம் ஊர்களில் ஒட்டிக்கொண்ட பெயரும் அதுதான், தமிழில் பறங்கியர். அவர்கள் காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்த காய்க்கும் அதே முத்திரை விழுந்தது. மலையாளத்தில் முந்திரி மரம் ‘பறங்கிமாவு’. அதுவும் பிரேசிலில் இருந்து கப்பலேறிய மரம்தான். ஜப்பானியர் இந்தக் காயைக் ‘கபோச்சா’ என்கிறார்கள். போர்த்துகீசியர் கம்போடியாவிலிருந்து கொண்டுவந்த காய் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டதால், ‘கம்போஜா’ என்ற ஊர்ப் பெயரே காய்க்குப் பெயராகிவிட்டது. ஊர் தெரியாத காய்க்குக் கொண்டுவந்தவன் பெயர், கப்பல் புறப்பட்ட துறையின் பெயர், இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

இங்கே எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. பிரான்ஸ் என்ற பெயருக்கும் ஃபிராங்க்தான் வேர். ஆக, வேர்ச்சொல் கணக்கில் தமிழன் இதைப் ‘பிரெஞ்சுக்காரன் காய்’ என்கிறான். பிரெஞ்சுக்காரனோ தூப்பிக்காரன் சொல்லால் அழைக்கிறான். 1735க்குப் பிறகு லபூர்தொனே ஆளுநராக இருந்தபோது புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்கள் இந்தத் தீவுக்கு வந்தார்கள். ‘பறங்கி’யை வாயில் வைத்துக்கொண்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ‘ஜிரோமோன்’ என்கிறார்கள். கொத்தமல்லியைக் ‘கொத்தோமிலி’ என்றும் ரசத்தை ‘ரசோன்’ என்றும் கிரியோலுக்குக் கொடுத்த நாம், இந்த ஒரு காயில் மட்டும் சொல்லைப் பறிகொடுத்தோம். பரவாயில்லை, அந்தச் சொல்லும் இரவல்தானே.

எழுத்தைப் பற்றி ஒரு வரி. பரங்கி, பறங்கி இரண்டும் புழக்கத்தில் உண்டு. பறங்கியரோடு உள்ள உறவு தெரியட்டும் என்று நான் வல்லின றகரம் போடுகிறேன். மலையாளத்திலும் அதே றகரம்தான்.

பூசணி கதை வேறு. வெள்ளைச் சாம்பல் படிந்த, திருஷ்டி சுற்றி உடைக்கிற, அல்வாவுக்கும் மோர்க்குழம்புக்கும் போகிற காய்தான் பழைய பூசணி. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் தடியங்காய். அது ஆசியாவுக்கே உரிய கொடி, கப்பலில் வந்ததல்ல. புதிதாக வந்த மஞ்சள் காய், உருவத்தைக் காட்டிப் பழைய பெயரில் பங்கு கேட்டது. தமிழ்நாட்டில் அது மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என்று அடைமொழியோடு நின்றுகொண்டது. யாழ்ப்பாணத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், வந்தவன் ‘பூசணி’ என்ற வெறும் பெயரையே எடுத்துக்கொண்டான். வீட்டுக்காரன் ‘நீற்றுப்பூசணி’ ஆகி அடைமொழி தாங்குகிறான். மார்கழிக் கோலத்தில் சாண உருண்டையில் செருகும் மஞ்சள் பூவைப் பூசணிப்பூ என்கிறோம், பறங்கிப்பூ என்றும் சொல்கிறோம். அது புதுக்கொடியின் பூ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் எந்தப் பூசணியை மறைத்தான் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

தோட்டத்துக்கு எழுதும்போது என் கட்சி இது: சாம்பல் பூத்த காய்க்குப் பூசணி, அமெரிக்காவிலிருந்து வந்த குடும்பம் முழுவதற்கும் பறங்கி. அரசாணி என்று சொல்லி வளர்ந்தவர்கள் அப்படியே சொல்லட்டும்.

அப்புறம் பொட்டலங்களில் வரும் இரண்டு ஆங்கிலச் சொற்கள்: பம்ப்கின், ஸ்குவாஷ். இரண்டையும் ‘பூசணி’ என்றே மொழிபெயர்த்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். பம்ப்கின் கிரேக்க ‘பெப்போன்’ என்பதிலிருந்து வந்தது. வெயிலில் பழுத்தது என்று பொருள். ஸ்குவாஷ் வட அமெரிக்காவின் நரகான்செட் மக்கள் சொல். 1643இல் ரோஜர் வில்லியம்ஸ் அதை ‘அஸ்குடஸ்குவாஷ்’ என்று எழுதிவைத்தார். பச்சையாகத் தின்பவை என்று பொருள். ஒன்று பழுத்தது, மற்றது பழுக்காதது. இதைச் சொல்லத் தமிழனுக்குப் புதுச்சொல் எதற்கு? பூ, பிஞ்சு, காய், பழம் என்று படிப்படியாகப் பெயர் வைத்திருக்கிற மொழி நம்முடையது.

ஆங்கிலத்தில் இன்று ‘கோடை ஸ்குவாஷ்’, ‘குளிர்கால ஸ்குவாஷ்’ என்று பிரிக்கிறார்கள். இது மகா குழப்பம். குளிர்காலத்தில் விளைவது என்று இதற்குப் பொருள் இல்லை. முற்றவிட்டுப் பறித்துக் குளிர்காலம் வரை வைத்துத் தின்னக்கூடியது என்றுதான் பொருள். இரண்டுமே விளைவது வெயில் காலத்தில். ஆகவே கோடை ஸ்குவாஷைப் பிஞ்சுப்பறங்கி என்றும், மற்றதை முற்றல் பறங்கி என்றும் சொல்லலாம் என்பது என் யோசனை. கூர்ஜெத் (சுக்கினி), கிண்ணத்தைக் கவிழ்த்தது போலிருக்கும் பாத்திசோன் இரண்டும் பிஞ்சுப்பறங்கி. நகம் பதியும் தோலோடு பறித்துவிட வேண்டும். நம் ஜிரோமோன், பட்டர்நட், கஷ்கொட்டை வாசம் அடிக்கும் போத்திமரோன் எல்லாம் முற்றல் பறங்கி. நகத்தால் கீறினால் தோல் இறங்கக் கூடாது. விதை வாங்கும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: இதை எந்தப் பருவத்தில் சாப்பிடப் போகிறேன்?

இரண்டாவது கேள்வி இனம். பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் லத்தீன் பெயர் இருக்கும். முதல் சொல் எல்லாவற்றுக்கும் குக்குர்பிட்டா. இரண்டாவது சொல்லைப் பாருங்கள். மொஸ்காட்டா என்றால் சூட்டையும் ஈரக்காற்றையும் தாங்கும்; நம் கடற்கரை ஊர்களுக்கு அதுதான் சரி. நம் ஊர் ஜிரோமோன் பெரும்பாலும் இதுவே, பட்டர்நட்டும் இதுவே. மாக்சிமா என்றால் சற்றுக் குளிர்ச்சியை விரும்பும். போத்திமரோனும் என்னை ஏமாற்றிய தலைப்பாகைக்காரனும் இந்த இனம். பெப்போ என்றால் கூர்ஜெத், பாத்திசோன் கூட்டம்.

பொட்டலம் இல்லாமல் சந்தையில் முழுக் காயாக வாங்குகிறீர்களா, காம்பைத் தடவிப் பாருங்கள். தக்கை போல உருண்டு மெத்தென்றிருந்தால் மாக்சிமா. கெட்டியாக ஐந்து விளிம்போடு, காயைத் தொடும் இடத்தில் பாவாடை போல விரிந்திருந்தால் மொஸ்காட்டா. கெட்டியாக விளிம்போடு இருந்தும் விரியாமல் இருந்தால் பெப்போ. காத்ர்போர்ன் சந்தையில் நான் இப்படித் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஒரு வியாபாரி, “வாங்குகிறாயா, வைத்தியம் பார்க்கிறாயா?” என்று கிரியோலில் கேட்டார்.

விதைக்கும் காலத்தைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று படித்த பிள்ளை நான். பொட்டலத்தில் ‘குளிர்கால’ என்ற சொல் வேறு இருந்தது. கியூர்பீப்பில் அண்ணன் வீட்டுக் கொல்லையில் ஆடி மாதம் ஊன்றினேன். பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஆடிதான் கடுங்குளிர். மேட்டுநிலத்தில் மண் ஜில்லென்று கிடந்தது. பத்து நாள் கழித்துத் தோண்டினால் விதை கொழகொழவென்று அழுகியிருந்தது. மண் 20 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் பறங்கி ஒழுங்காக முளைக்கும். 25, 30 என்றால் ஒரு வாரத்தில் தலை காட்டும். மேட்டில் புரட்டாசி, ஐப்பசியில் ஊன்றுங்கள். குழிக்கு இரண்டு மூன்று விதை, 2 சென்டிமீட்டர் ஆழம். பின்னர் நல்ல நாற்று ஒன்றை மட்டும் விட்டுவைக்கலாம். முற்றல் பறங்கிக்குக் குழிக்குக் குழி 2 மீட்டராவது வேண்டும். கொழுந்தைக் கிள்ளி நாரை உரித்து வதக்கினால் ‘பிரேத் ஜிரோமோன்’. காய்க்கும் முன்பே கறி கிடைத்துவிடும்.

முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. ‘பூக்கிறது, காய்க்கவில்லை’ என்று பதற வேண்டாம். பின்னால் வரும் பெண் பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும். அந்தக் குட்டியைத் தேடித்தான் பழ ஈ வரும். தோலுக்கடியில் முட்டையிட்டால் உள்ளே புழு; காய் கோணி, அழுகி, விழும். கருக்கட்டிய மறுநாளே செய்தித்தாளைச் சுருட்டி உறை போட்டுவிடுவேன். விழுந்த காயை எருக்குழியில் போடாமல், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் வைத்துவிடுங்கள்.

இனி விதை எடுப்பது. ‘சுரை விதைத்தால் அவரை முளைக்குமா?’ என்பார்கள். பறங்கி விஷயத்தில் பழமொழியை அவ்வளவாக நம்ப முடியாது. ஒரே இனத்து வகைகள் தேனீ புண்ணியத்தில் தாராளமாகக் கலக்கும். கலந்தது இந்த வருடக் காயில் தெரியாது. அதன் விதையை ஊன்றிய அடுத்த வருடம்தான் குட்டு வெளிப்படும். பட்டர்நட் பக்கத்தில் ஜிரோமோன் இருந்தால் இரண்டும் மொஸ்காட்டா, கலப்பு நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆபத்து இல்லை, ருசிதான் மாறும். பெப்போவில் கவனம் வேண்டும். அழகுக்கு வளர்க்கும் கசப்புக் குடுக்கையோடு கூர்ஜெத் கலந்தால், அடுத்த தலைமுறைக் காயில் நஞ்சுக் கசப்பு ஏறலாம். வாயில் வைத்ததும் கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள். வேகவைத்தாலும் அது போகாது.

இதற்கு மருந்து கையாலேயே மகரந்தம் சேர்ப்பது. மறுநாள் விரியப்போகும் மொட்டு முந்தின மாலையே மஞ்சள் காட்டும். ஆண் மொட்டு இரண்டு, பெண் மொட்டு ஒன்று. நுனியை நூலால் கட்டிவிடுங்கள். விடிந்ததும், வண்டு வருமுன், ஆண் பூவின் இதழை உரித்துவிட்டுப் பெண் பூவைத் திறந்து உள்ளே தடவி, மறுபடி கட்டிவிட வேண்டும். நண்பகலுக்குள் பூ வாடிவிடும், ஆகவே காபி அப்புறம். காம்பில் ஒரு வண்ண நூல் அடையாளம். காய் நன்றாக முற்றி, பறித்த பின்னும் ஒரு மாதம் வைத்திருந்தால் விதை திரண்டுவிடும். கழுவி நிழலில் உலர்த்துங்கள்; மடக்கினால் வளையாமல் முறிய வேண்டும்.

உலர்ந்ததைப் புட்டியில் போட்டு நான் ஒட்டும் சீட்டில் இப்போது இப்படித்தான் எழுதுகிறேன்: ‘முற்றல் பறங்கி, மொஸ்காட்டா, கையால் சேர்த்தது, ஐப்பசியில் ஊன்றியது.’ அம்மா அதன் கீழே ‘ஜிரோமோன்’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.