டிஎல்எல், எஸ்ஓ, டைலிப்: பில்ட் ஆனா போதும்னு விட்டுடாதீங்க

ஒரே சி பிளஸ் பிளஸ் கோடை விண்டோஸுக்கு டிஎல்எல், லினக்ஸுக்கு எஸ்ஓ, மேக்குக்கு டைலிப்னு மூணு லைப்ரரியா (வேற புரோகிராம்கள் ஓடும்போது லோட் பண்ணிக்கிற கோட் ஃபைல்) பில்ட் பண்ணிக் கொடுக்கிறதுதான் என் வேலை. பில்ட் பண்ண சிமேக்னு ஒரு டூல் இருக்கு, கம்பைல் ஆயிடும். கஸ்டமர் மெஷின்ல லோட் ஆகும்போதுதான் பிரச்சினையே, அதுவும் பெரும்பாலும் லாஜிக்ல இருக்காது, பில்ட் பண்ண விதத்துல இருக்கும்.

லினக்ஸை எடுத்துக்கோங்க. டெவலப்பர் லேப்டாப்ல உபுண்டு 22.04, அதுல ஜிலிப்சி (லினக்ஸோட அடிப்படை சி லைப்ரரி, சுருக்கமா லிப்சி) 2.35. அங்க பில்ட் பண்ண எஸ்ஓவை 20.04 மெஷின்ல போட்டா அங்க இருக்கிறது 2.31தான், "ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்"னு நின்னுடும். ஏன் 2.34னா, 2021ல வந்த அந்த வெர்ஷன்லதான் த்ரெட்களுக்கான பிதிரெட் லைப்ரரியை மெயின் லிப்சிக்குள்ளயே சேர்த்தாங்க, அதனால த்ரெட் கிரியேட் பண்ற லைப்ரரி புது சிம்பல் (ஃபங்ஷன் பேர்) வெர்ஷனைத் தேடும். பழசுல பில்ட் பண்ணது புதுசுல ஓடும், திருப்பிப் போட்டா ஓடாது. நீங்க சப்போர்ட் பண்றதுலயே ரொம்பப் பழைய டிஸ்ட்ரோ எதுவோ, அதோட டாக்கர் கன்டெய்னர்ல (மெஷினுக்குள்ள தனியா ஓடுற ஒரு சூழல்) பில்ட் பண்ணுங்க. பைத்தான்காரங்க பல லினக்ஸ்ல ஓடுற பேக்கேஜுக்கான மெனிலினக்ஸ்2014 ஸ்டாண்டர்டுக்கு சென்ட்ஓஎஸ் 7ஐ எடுத்ததும் இதுக்குத்தான், அதுல ஜிலிப்சி 2.17.

என்னை ரொம்பக் கவலைப்பட வைக்கிறது மெமரி விஷயம். லைப்ரரிக்குள்ள மால்லாக் பண்ணி (மெமரி வாங்கி), வெளிய அப்ளிகேஷன்ல ஃப்ரீ பண்றாங்க (திருப்பிக் கொடுக்கிறாங்க). லினக்ஸ்ல பொதுவா எல்லாரும் ஒரே லிப்சியை ஷேர் பண்றதால இது வருஷக்கணக்கா சத்தமில்லாம ஓடும், டெஸ்டும் பாஸ் ஆகும். விண்டோஸ்ல டிஎல்எல் டீபக் (பிழை தேடுறதுக்கான) ரன்டைம், எக்ஸிஇ ரிலீஸ் ரன்டைம்னு மாறிப்போச்சுன்னா ஹீப் (மால்லாக் மெமரி எடுக்கிற இடம்) கரப்ட் ஆகி சம்பந்தமே இல்லாத இடத்துல கிராஷ் ஆகும். சி பிளஸ் பிளஸோட டெக்ஸ்ட் டைப்பான எஸ்டிடி ஸ்ட்ரிங்கை வெளிய அனுப்புறதும் ஆபத்துதான், விஷுவல் ஸ்டுடியோல டீபக்லயும் ரிலீஸ்லயும் அதோட சைஸே வேற. தயவுசெஞ்சு வெளிய சுத்தமான சி இன்டர்ஃபேஸ் மட்டும் வைங்க, கிரியேட்னு ஒரு ஃபங்ஷன் கொடுத்தா டெஸ்ட்ராய்னும் ஒண்ணு கொடுங்க. அந்த இன்டர்ஃபேஸ்ல லாங்குங்கிற எண் டைப் வேண்டாம், 64 பிட் விண்டோஸ்ல அது 4 பைட், லினக்ஸ்லயும் மேக்லயும் 8.

எக்ஸ்போர்ட்லயும், அதாவது லைப்ரரியோட எந்த சிம்பல் வெளிய தெரியணும்ங்கிறதுலயும், விண்டோஸும் லினக்ஸும் நேர் எதிர். விண்டோஸ்ல நீங்க சொன்னாத்தான் சிம்பல் வெளிய தெரியும், லினக்ஸ்ல சொல்லாமலே எல்லாம் தெரியும். உள்ள ஸீலிப்னு ஒரு கம்ப்ரஷன் லைப்ரரியோட காப்பியை ஸ்டாட்டிக்கா (உங்க ஃபைலுக்குள்ளயே சேர்த்து) லிங்க் பண்ணியிருக்கீங்க, கஸ்டமரோட அப்ளிகேஷன்ல வேற வெர்ஷன் இருக்குன்னா, ரெண்டு பேரும் முதல்ல கிடைச்ச ஒரே காப்பியைக் கூப்பிடுவாங்க. கம்பைலருக்கு விசிபிலிட்டி ஹிட்டன் ஃப்ளாக் (சொல்லாத சிம்பலை மறைக்கிறது) போட்டு, வேணும்ங்கிறதை மட்டும் திறந்து விடுங்க, அந்த ஸ்டாட்டிக் லைப்ரரியோட சிம்பலும் வெளிய கசியாம பாருங்க.

மேக்ல ஓடூல் (லைப்ரரிக்குள்ள இருக்கிற பாத்தைக் காட்டுற டூல்) ஓட்டிப் பாருங்க, பில்ட் சர்வரோட பாத் அப்படியே டைலிப்புக்குள்ள உக்காந்திருந்தா ஆர்பாத்துக்கு (லோட் ஆகும்போது தேடிக்கிற பாத்) மாத்துங்க. ஃபைலுக்கு டிஜிட்டலா சைன் பண்றதை எப்பவும் கடைசியா வைங்க, சைன் பண்ணதுக்கப்புறம் ஃபைலை மாத்தினா சிக்னேச்சர் செல்லாது, ஆப்பிளோட சொந்த சிப்பான ஆப்பிள் சிலிக்கான் இருக்கிற மேக்ல லோடே ஆகாது.