கிழங்கு அவித்த தண்ணீரும் சாளை மீனும்

மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, அவிக்கிற விதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பெரிதாக மாறாது. தோலை உரித்து, துண்டு போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, வெந்ததும் தண்ணீரை வடித்துத் தென்னை மூட்டில் கொட்டிவிடுவார்கள். பருப்பு வெந்த தண்ணீரை ரசத்துக்கு எடுத்து வைக்கிறவர்கள்கூட இதை எடுத்து வைப்பதில்லை. தொட்டுக்கொள்ள, தேங்காய் அரைத்த மீன் குழம்பு. சாளை, நெத்தோலி, அயிலை என்று அன்றைக்குக் கரைக்கு எது வந்ததோ அது. தண்ணீரைக் கொட்டுவதும் மீனைச் சேர்ப்பதும் வேறு வேறு பழக்கம் போலத்தான் தெரியும். கிழங்கில் இருக்கும் ஒரு நஞ்சை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வேலையின் முன்பாதியும் பின்பாதியும். முன்பாதி அடுப்பில் நடக்கிறது, பின்பாதி கல்லீரலில்.

அந்த நஞ்சு சயனைடு. பெயரைக் கேட்டுத் தட்டைத் தள்ளிவைக்க வேண்டாம். கிழங்குக்குள் அது சயனைடாக இருப்பதில்லை. சர்க்கரையோடு பிணைந்து, லினமாரின் என்ற சேர்மமாக, செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் அடைபட்டுக் கிடக்கிறது. அதை உடைக்கும் லினமாரேஸ் என்ற நொதி செல்லின் சுவர்ப் பக்கம் இருக்கிறது. தீக்குச்சியும் பெட்டியின் உரசு பக்கமும் மாதிரி, தொடாத வரைக்கும் ஒன்றும் இல்லை. எலியோ பன்றியோ கடிக்கும்போது செல் கிழிகிறது, இரண்டும் சந்திக்கின்றன, லினமாரின் இரண்டு கட்டமாக உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளியே வருகிறது. ஓடித் தப்பிக்க முடியாத செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஏற்பாடு இது. மரச்சீனி இலையைத் தின்ற ஆடு சுருண்டு விழுவதற்கும் இதுதான் காரணம்.

எல்லாக் கிழங்கிலும் ஒரே அளவு இருக்காது. பன்னாட்டு உணவுத் தரங்களின்படி ஒரு கிலோ பச்சைக் கிழங்கில் 50 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சயனைடு தரக்கூடியவை இனிப்பு வகைகள். நாம் அவித்துத் தின்பவை பெரும்பாலும் இந்தப் பக்கம். மாவுக்கும் ஜவ்வரிசிக்கும் போகிற வகைகள் சிலவற்றில் இது கூடுதல். மழை பொய்த்துச் செடி வாடினால் அதே வகையிலேயே நஞ்சு ஏறும். சதையைவிடத் தோலில் அதிகம். வாயில் வைத்துக் கசந்தால் அந்தக் கிழங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். பச்சைக் கிழங்கைக் கடித்து விளையாடும் சிறுவர்களையும் தடுக்கத்தான் வேண்டும்.

இனி அடுப்படி. ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். கொதிக்கிற பானையில் அது நிற்காது, மூடாமல் வேகவைத்தால் காற்றோடு போய்விடும். சிக்கல் தருவது உடையாமல் மிச்சமிருக்கும் லினமாரின்தான். அது சூட்டுக்கு அசையாது, எவ்வளவு கொதித்தாலும் அப்படியே இருக்கும். ஆனால் தண்ணீரில் நன்றாகக் கரையும். அதனால்தான் துண்டு சிறிதாக இருக்க வேண்டும், தண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும், கடைசியில் அந்தத் தண்ணீர் வெளியே போக வேண்டும். இன்னொன்று, நொதி சூடு தாங்காது. கொதிநீரில் துண்டுகளைப் போட்டால் உடனே செத்துவிடும். பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றினால், சாகும் முன்பு அது கொஞ்சம் லினமாரினை உடைத்துவிட்டுப் போகும். தண்ணீரை அளந்து ஊற்றிக் குக்கரில் வைத்து, வடிக்காமல் அப்படியே மசிக்கிற புதுப் பழக்கம் எனக்குப் பிடிக்காததும் இதனால்தான். வடிக்கும்போது வைட்டமின் சி-யும் கொஞ்சம் போகும், சரி, போகட்டும். ஒரு கொய்யாப்பழத்தில் அதைப் பிடித்துவிடலாம்.

இவ்வளவு செய்தும் சிறு மிச்சம் தட்டுக்கு வரும். உடலுக்குள் போன சயனைடு, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியில் போய் ஒட்டிக்கொண்டு அந்த வேலையையே நிறுத்தப் பார்க்கும். அதற்கு முன்பே கல்லீரலில் ரோடனீஸ் என்ற நொதி அதைப் பிடித்து, ஒரு கந்தக அணுவை அதன் மேல் ஏற்றி, தயோசயனேட் என்று மாற்றிவிடுகிறது. இதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு, சிறுநீரில் போய்விடும். சயனைடு நஞ்சேறியவர்களுக்கு மருத்துவமனைகளில் ஏற்றும் மருந்துகளில் ஒன்றான சோடியம் தயோசல்பேட்டும் இதே நொதிக்குக் கந்தகம் கொடுக்கிற மருந்துதான்.

சரி, சாதாரண நாளில் அந்தக் கந்தகம் எங்கிருந்து வரும்? சாப்பாட்டுப் புரதத்தில் இருக்கும் மெத்தியோனின், சிஸ்டீன் என்ற இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து. கிழங்கில் புரதமே சொற்பம், அந்தச் சொற்பத்திலும் இந்த இரண்டும் குறைவு. நஞ்சைக் கொடுக்கிற உணவு அதற்கான மாற்றைக் கொடுப்பதில்லை. மீனில் இரண்டும் தாராளம்.

இது கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை 1981-இல் மொசாம்பிக் பார்த்தது. வறட்சியில் வேறு விளைச்சல் இல்லாமல், கசப்பு வகைக் கிழங்கைச் சரியாகப் பதப்படுத்த நேரமும் இல்லாமல் வாரக்கணக்கில் அதையே தின்ற மக்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் விறைத்துச் செயலிழந்தன. கொன்சோ என்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்களில் அதிகம் பேர் பெண்களும் குழந்தைகளும். நஞ்சும் அதிகம், கந்தகம் கொடுக்கும் புரதமும் தட்டில் இல்லை; இரண்டும் சேர்ந்து வந்ததுதான் வினை.

நம் ஊரும் கிழங்கால் பசியாறிய ஊர்தான். இந்த மாவட்டத்தின் கல்குளமும் விளவங்கோடும் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது பல வீடுகளில் அதுவே சோறானது. கடல் பக்கத்திலேயே இருந்தது நம் அதிர்ஷ்டம்.

இப்போது சின்னப் பிள்ளையின் தட்டுக்கு வருவோம், ஏனென்றால் பெரியவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் அவர்களுக்கு இருக்கிறது: வயிறு சிறியது. 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 கிராம் புரதம் வேண்டும். 100 கிராம் பச்சைக் கிழங்கில் இருப்பது ஏறக்குறைய 1.4 கிராம். கிழங்கை மட்டுமே நம்பினால் ஒரு கிலோவுக்கு மேல் தின்றாக வேண்டும். அதில் சுமார் 1,800 கலோரி. அந்த வயதுக்கு நாள் முழுதும் வேண்டியதைவிட அதிகம். எந்தப் பிள்ளையும் அவ்வளவு தின்னாது, பாதியிலேயே போதும் என்று எழுந்துவிடும். 'பிள்ளை வயிறு நிறையத் தின்றது' என்று நாமும் நிம்மதியாக இருப்போம். 50 கிராம் சாளைச் சதையில் ஏறக்குறைய 10 கிராம் புரதம் இருக்கிறது. ஆகவே பரிமாறும்போது மீனை முதலில் வையுங்கள். குழம்பை மட்டும் ஊற்றி, மீனைப் பெரியவர்களுக்கு ஒதுக்குகிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. காரத்துக்கும் முள்ளுக்கும் பயந்து செய்வது. பிள்ளைக்கான மீனைக் காரம் சேர்க்கும் முன் எடுத்து வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். முள்ளுக்கு, நடு முள்ளை உருவிவிட்டு, சதையை விரலால் நசுக்கித் தடவிப் பார்த்து, கிழங்கோடு பிசைந்து கொடுக்கலாம்.

தயோசயனேட் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். அது தைராய்டு சுரப்பி அயோடினை எடுப்பதற்குக் குறுக்கே நிற்கும். சாப்பாட்டில் அயோடின் குறைவாக இருந்தால் நாளடைவில் கழுத்தில் கழலை வரலாம், வளரும் பிள்ளையின் மூளைக்கும் அது நல்லதல்ல. கடல் மீனில் அயோடின் இருக்கிறது, அயோடின் உப்பிலும் இருக்கிறது.

எந்த மீன் என்று கேட்டால், சின்ன மீன். சுறா மாதிரிப் பெரிய மீன்கள் மற்ற மீன்களைத் தின்று பல ஆண்டு வாழ்வதால் அவற்றின் உடலில் பாதரசம் சேர்கிறது. நெத்தோலிக்கும் சாளைக்கும் அந்தக் கவலை மிகக் குறைவு, விலையும் கைக்கு அடங்கும். முள்ளோடு மெல்லக்கூடிய நெத்தோலி கால்சியமும் தரும். கடல் சீறி மீன் கிடைக்காத நாட்களில் கிழங்கோடு முட்டை வைக்கலாம். கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் அதிலும் நன்றாகவே உண்டு. கருவாடு வேண்டுமானால் நன்றாக ஊறவைத்துக் கழுவிய பிறகு, அதுவும் கொஞ்சமாக. பிள்ளைகளுக்கு அவ்வளவு உப்பு ஆகாது.

அப்புறம், கிழங்கு என்றால் கூடவே வரும் கட்டன் சாயா. தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் கிழங்கிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலில் சேரவிடாது. பெரியவர்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். சிறு பிள்ளைகளுக்குச் சாயா தேவையே இல்லை.