ஒரு சோறு பதமா?

சித்தி பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். பையனுக்குச் சேலம்தான், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. "நீ அங்கதானே இருக்கே, பையன் குணம் எப்படின்னு நாலு பேருகிட்ட விசாரிச்சுச் சொல்லு" என்று சித்தி அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டாள். நாலு பேரில் முதல் ஆளாக நான் பிடித்தது ஒரு டச் கடைக்காரரை. கொண்டுவருகிற வெள்ளியில் நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி, அதாவது டச் எவ்வளவு, என்று பார்த்துச் சொல்வது அவர் தொழில். குணம் கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் எது?

"தங்கமான பையனுங்க" என்றார். "கூலிக்குச் செய்யறவங்களுக்குக் கட்டி வெள்ளி எடை போட்டுக் குடுக்கிறதாகட்டும், கொலுசாத் திருப்பி வாங்கறப்ப சேதாரம் கழிக்கிறதாகட்டும், ஒரு குண்டுமணி முன்னபின்ன இருக்காது." சொல்லிவிட்டுத் தராசைத் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா அவன் பைக்ல மட்டும் பின்னாடி உட்காராதீங்க" என்றார்.

எடையில் அவ்வளவு நிதானம், ரோட்டில் அவ்வளவு அவசரம். இதில் எது அவன் குணம்?

நாம் குணம் என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் கேரக்டர் என்கிறார்களே, அதன் கிரேக்க மூலத்துக்கு முத்திரை குத்தும் கருவி என்று பொருள். நாணயத்தில் அச்சு விழுந்ததுபோல, எந்தக் கைக்குப் போனாலும் மாறாத முகம் என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கும் எண்ணம். நம்முடைய ஒழுக்கம் அப்படியில்லை. அது ஒழுகு என்ற வினையிலிருந்து வந்தது. தண்ணீர் ஒழுகுவதும் மனிதன் ஒழுகுவதும் ஒரே வினைதான். அச்சா, ஒழுக்கா? உளவியல்காரர்கள் இந்தக் கேள்வியோடு ஏறக்குறைய நூறு வருஷமாக மல்லுக்கட்டுகிறார்கள்.

தொடக்கம் 1920களில், அமெரிக்காவில். ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இரண்டு பேர் 8 முதல் 16 வயது வரையிலான ஏறத்தாழ 11,000 பள்ளிப் பிள்ளைகளின் நேர்மையைச் சோதித்தார்கள். நீ நேர்மையானவனா என்று கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. ஏமாற்ற வாய்ப்புக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள். பரீட்சைத் தாளை வாங்கி ரகசியமாக நகல் எடுத்துக்கொண்டு, மறுநாள் விடைகளைக் கொடுத்து "நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்" என்றார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு சின்னச் சின்ன வட்டங்களுக்குள் புள்ளி வைக்கச் சொன்னார்கள். எல்லாப் புள்ளியும் உள்ளே விழுந்திருந்தால் ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறான் என்று அர்த்தம். காசு வைத்த புதிர்ப்பெட்டியைக் கொடுத்துத் திரும்ப வாங்கி, காசு இருக்கிறதா என்று எண்ணினார்கள்.

1928இல் முடிவு வெளியானது. பரீட்சையில் ஏமாற்றியவன் காசைத் தொடவில்லை. காசை எடுத்தவள் பரீட்சையில் சுத்தம். ஒரு வகைச் சோதனைக்கும் வேறு வகைச் சோதனைக்கும் இடையிலான ஒட்டுறவு சராசரியாக 0.2ஐ ஒட்டியே இருந்தது. ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றதும் தெரிந்துவிடும் என்றால் ஒட்டுறவு 1. சம்பந்தமே இல்லை என்றால் 0. ஆனால் அதே வகைச் சோதனையைத் திரும்ப வைத்தால் அதே பிள்ளை பெரும்பாலும் அதே மாதிரிதான் நடந்துகொண்டது. அந்த இருவரின் தீர்ப்பு: நேர்மை என்று உள்ளே பொதுவான சரக்கு எதுவும் கிடையாது, அந்தந்த இடத்துக்கு அந்தந்தப் பழக்கம். பின்னாளில் அதே எண்களை மறுபடி அலசியவர்கள், மெல்லியதாக ஒரு பொது இழை ஓடுகிறது என்று கண்டு அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் தளர்த்தினார்கள்.

இதைக் கடைக்காரரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. மேஜை இழுப்பறையிலிருந்து பழைய உரைகல்லை எடுத்தார். இப்போது எக்ஸ்ரே மெஷின் வந்துவிட்டது, கல் சும்மா கிடக்கிறது. பக்கத்தில் கிடந்த ஒரு பழைய கொலுசை எடுத்து, வளையம் இருக்கும் இடத்தில் ஒரு கோடு இழுத்தார். பிறகு பற்றவைத்த இடத்தில் ஒரு கோடு. முதல் கோடு வெள்ளை. இரண்டாவதில் லேசாக மஞ்சள் தட்டியது.

"ஒரே கொலுசுதானுங்களே!"

காரணம் எளிது. சுத்த வெள்ளி சுமார் 962 டிகிரி செல்சியஸில் உருகும். வளையங்களை ஒட்டவைக்கும் பற்று அதற்கு முன்பே உருகியாக வேண்டும், இல்லாவிட்டால் கொலுசே கரைந்துவிடும். அதனால் பற்றில் செம்பும் துத்தநாகமும் கலக்கிறார்கள். அங்கே டச் குறையத்தான் செய்யும். பற்று இல்லாமல் கொலுசும் இல்லை. இன்னொரு விஷயமும் சொன்னார்: புதுக் கொலுசை அப்படியே மெஷினில் வைத்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். காய்ச்சி அமிலத்தில் போடும்போது மேலே இருக்கிற செம்பு கரைந்துபோய், வெள்ளி மிகுந்த தோல் ஒன்று உண்டாகிவிடுகிறது. மெஷின் பார்ப்பது அந்த மெல்லிய மேற்படலத்தைத்தான். பெண் பார்க்கும் படலத்தில் மாப்பிள்ளை காபி டம்ளரைக் கீழே வைக்கும் அழகைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை.

"அப்ப உண்மையான டச் எப்படிப் பாப்பீங்க?"

"மொத்தத்தையும் உருக்கிக் கலக்கி, அதுல ஒரு துண்டு எடுக்கணும்."

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. ஒரே அரிசி, ஒரே உலை, கொதியில் புரண்டு புரண்டு எல்லாம் ஒன்றாக வெந்தது. மனிதன் உருக்கிக் கலக்காத கொலுசு. நல்ல இடத்தில் உரசியவர் தங்கம் என்பார், பற்றில் உரசியவர் பித்தளை என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

பற்று எங்கே இருக்கிறது என்பது நமக்கே தெரிவதில்லை. பிரின்ஸ்டனில் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் குருமார் பயிற்சி மாணவர்கள் 40 பேரை வைத்து ஒரு சோதனை செய்து, 1973இல் வெளியிட்டார்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போய்ச் சிறு உரை நிகழ்த்த வேண்டும். சிலருக்குக் கொடுத்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் வாசற்படியில் சரிந்து கிடந்து இருமினார், முனகினார். ஏற்பாடு செய்த ஆள்தான். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். ஓரளவு அவசரத்தில் இருந்தவர்களில் 45. ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10. சமாரியன் கதையைச் சொல்லப் போகிறவரா இல்லையா என்பது சொல்லும்படியான வித்தியாசம் எதையும் காட்டவில்லை. நாற்பதே பேர் என்பதால் அந்தச் சதவீதங்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் காலை ஒன்பது மணிக்குச் சேலம் ஐந்து ரோட்டைக் கடக்கிற யாருக்கும் இது அந்நியமாகப் படாது.

இதற்கு முன்பே, 1968இல், வால்டர் மிஷெல் இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, ஒருவரின் குணத்துக்குக் கேள்வித்தாளில் கிடைக்கும் மதிப்பெண்ணுக்கும் அவர் ஒரு சந்தர்ப்பத்தில் நடந்துகொள்வதற்கும் ஒட்டுறவு 0.3ஐத் தாண்டுவது அரிது என்று காட்டினார். குணம் என்பதே கட்டுக்கதை, எல்லாம் சூழ்நிலை என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அது அவசரத் தீர்ப்பு என்பது என் கருத்து. சூழ்நிலைதான் எல்லாம் என்றால், ஒரே தாமதத்தில் விரட்டப்பட்டும் நின்று உதவிய அந்தப் பத்து சதவீதம் யார்?

மிஷெலே அங்கே நின்றுவிடவில்லை. யூச்சி ஷோடா முதலானவர்களோடு சேர்ந்து ஒரு கோடை முகாமில் பிள்ளைகளை ஆறு வாரம் கவனித்து, 1994இல் வெளியிட்டார். யார் எத்தனை தடவை கோபப்பட்டார்கள் என்று மட்டும் எண்ணாமல், எப்போது என்றும் குறித்தார்கள். ஒரு பையன் பெரியவர்கள் கண்டித்தால் சீறுவான், கூட்டாளிகள் சீண்டினால் கண்டுகொள்ள மாட்டான். இன்னொருவன் நேர்மாறு. மொத்தக் கோபத்தை எண்ணினால் இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு வரலாம். ஆனால் 'இப்படி நடந்தால் இப்படி' என்ற அந்த வடிவம் ஆளுக்கு ஆள் வேறு, அதே ஆளிடம் நிலையாகத் திரும்பத் திரும்ப வருகிறது. மாறி மாறி நடப்பது போலத் தெரிகிறதே, அந்த மாற்றத்தின் ஒழுங்குதான் குணத்தின் கைரேகை.

இதைப் படித்தவன் சும்மா இருக்க முடியுமா? எச்சரிக்கையை மீறி மாப்பிள்ளைப் பையனின் பைக்கில் ஏறினேன். ஏற்காட்டில் அவனுக்கு ஒரு வேலை, எனக்கு ஒரு சாக்கு. அடிவாரம் தாண்டியதும் ஆள் மாறிவிட்டான். 20 கொண்டை ஊசி வளைவிலும் ஹார்ன், ஓரத்தை விட்டு ஒரு அடி நகரவில்லை. இறங்கும்போது கீழிருந்து ஏறி வந்த பஸ்ஸுக்கு, மலை வழக்கப்படி, ஒதுங்கி நின்று காலை ஊன்றிக்கொண்டான். கடைக்காரர் வேறு யாரையோ சொல்லியிருக்கிறார் என்றே நினைத்தேன். சமவெளிக்கு வந்து கோரிமேடு நெருங்கும்போது ஒரு வண்டி எங்களை முந்தியது. அவ்வளவுதான். அஸ்தம்பட்டி வரை நான் கண்ணைத் திறக்கவில்லை.

"முந்தறது கூடப் பரவால்லீங்கண்ணா. முந்திட்டுத் திரும்பிப் பாத்தான் பாருங்க..." என்றான், ஹெல்மெட்டைக் கழற்றியபடி. மலையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் அடுத்த வளைவில் காணாமல் போய்விடுவார்கள்.

சரி, உருக்க முடியாத மனிதனுக்குச் சராசரி எடுப்பது எப்படி? பல இடத்தில், பல நாள் உரசித்தான். சீமோர் எப்ஸ்டீன் 1979இல் இதைச் செய்து காட்டினார். நாள்களைச் சேர்க்கச் சேர்க்க ஒட்டுறவு ஏறுகிறது. ஸ்பியர்மனும் பிரவுனும் 1910லேயே கொடுத்த சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் ஒட்டுறவு வெறும் 0.2 என்றாலும், 20 நாள் சராசரிக்கும் வேறு 20 நாள் சராசரிக்கும் இடையில் அது 0.83 ஆகிவிடுகிறது. வில்லியம் ஃப்ளீசன் 2001இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. ஒரே ஆள் ஒரே வாரத்துக்குள் கலகலப்பிலும் பொறுப்பிலும் கீழிருந்து மேல்வரை ஊசலாடுகிறார். ஆனால் அந்த ஊசலின் நடுப்புள்ளி அடுத்த வாரமும் கிட்டத்தட்ட அங்கேயே இருக்கிறது.

நடுப்புள்ளி நகருமா? இரட்டையர் ஆய்வுகளின்படி, ஆளுக்கு ஆள் இருக்கிற வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி பிறப்போடு வருவது. மீதி வாழ்க்கையோடு வருவது. 20 வயதிலிருந்து 40க்குள் பொறுப்பும் நிதானமும் சராசரியாகக் கூடுகின்றன என்று பல்லாண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்பவர்கள் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். சராசரி கூடுகிறது என்பது ஒரு தனி மாப்பிள்ளைக்கான உத்தரவாதம் இல்லை.

சித்தி போன் செய்தாள். "குணம் எப்படிடா?"

"வெள்ளியில சுத்தம். மலையில பத்திரம். யாராவது முந்திட்டுத் திரும்பிப் பாத்தா மட்டும் கஷ்டம்."

"என்னடா சொல்றே? நல்லவனா, கெட்டவனா?"

இன்னும் ஒரு பத்து நாள் பார்க்கட்டும் என்றேன். மறுநாள் டச் கடைப்பக்கம் போனபோது கடைக்காரர் கூப்பிட்டார். "நேத்து பையன் வீட்டுலேர்ந்து வந்தாங்க. உங்க குடும்பத்தைப் பத்திக் கேட்டாங்க."

எனக்குப் பக்கென்றது. போன தீபாவளிக்கு இதே கடை வாசலில், வண்டி நிறுத்துகிற தகராறில் நான் ஒருவரிடம் கத்தியதை அவர் பார்த்திருக்கிறார்.

"என்ன சொன்னீங்க?"

"தங்கமான குடும்பம்னு சொல்லிட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு உரைகல்லை இழுப்பறைக்குள் வைத்தார்.