காப்பீட்டு அட்டை இருந்தும் ஏன் தாமதமாக வருகிறார்கள்?

போன வாரமும் ஒருவர் வந்தார். சர்க்கரை நோயாளி. காலில் ஆறாத புண், இரண்டு விரல்கள் கறுத்துப்போயிருந்தன. மகன் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகக் காப்பீட்டு அட்டை. புண் வந்து எவ்வளவு நாளாகிறது என்று கேட்டால், மாதக்கணக்கில் இருக்கிறதாம். வார்டில் இருந்த இளம் மருத்துவர் என் காதருகே சொன்னார்: "அட்டை இருந்தும் வரலைன்னா அலட்சியம்தானே சார்?"

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அலட்சியம் இல்லை. அட்டை பார்த்துக்கொள்வது மருத்துவமனை பில்லை மட்டும்தான். நோயாளிக்குச் செலவு அதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. தினக்கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் ஓபி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. கூட வருகிற மகனின் கூலியும் சேர்ந்து போகும். பயணச் செலவு தனி. வீட்டில் படுக்கையாக இருக்கும் இன்னொருவரை யார் பார்த்துக்கொள்வது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இதெல்லாம் எந்த கிளெய்ம் படிவத்திலும் வராது.

இன்னொன்றும் உண்டு. பல காப்பீட்டுத் திட்டங்கள் அட்மிஷன் ஆனால்தான் பணம் தரும். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சர்க்கரை மாத்திரை, மாதாந்திர ரத்தப் பரிசோதனை எல்லாம் கைக்காசு. அப்படியானால் படுத்தால்தான் பணம் என்று அந்தக் குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? திட்டம்தான். அவர்கள் அதைச் சரியாகப் புரிந்துகொண்டு படுக்கும்வரை காத்திருந்தார்கள். முதலிலேயே வந்திருந்தால் சில வாரக் கட்டோடு முடிந்திருக்கக்கூடிய புண் அது.

மருத்துவச் சேவையை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு அமெரிக்க ஆய்வாளர் ரொனால்ட் ஆண்டர்சன் 1968-லேயே ஒரு சட்டகம் தந்தார். வயது, கல்வி, நம்பிக்கை போன்ற பின்னணி ஒரு பக்கம். வருமானம், காப்பீடு, மருத்துவமனையின் அருகாமை போன்ற வசதிகள் இன்னொரு பக்கம். மூன்றாவது, நோயின் தேவை. காப்பீடு இதில் ஒரு பிரிவின் ஒரு துண்டு. நாமோ அதையே முழுசாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் 2008-ல் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டுக்குக் குலுக்கல் நடந்தது. பெயர் விழுந்தவர்களில் 10-க்கு 6 பேர்தான் விண்ணப்பத்தை நிரப்பித் திருப்பி அனுப்பினார்கள். அவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் தகுதி இல்லையென்று நிராகரிக்கப்பட்டார்கள். கடைசியில் காப்பீடு கிடைத்தது 10-க்கு 3 பேருக்குத்தான். தானாக முன்வந்து பெயர் கொடுத்தவர்களே இவர்கள். ஒரு படிவமும் ஒரு கெடுவும் எவ்வளவு பெரிய தடை என்று பாருங்கள். கானாவின் தேசியக் காப்பீட்டில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அங்கேயும் சேர்ந்த பலர் புதுப்பிக்காமல் வெளியே போய்விடுகிறார்கள்.

சரி, அடுத்த புகாருக்கு வருவோம். "இலவசம்னா தேவையில்லாம வந்து குவிவாங்க." வராவிட்டால் அலட்சியம், வந்தால் பேராசை! இதற்குப் பதில் எப்போதோ கிடைத்துவிட்டது. 1974 முதல் 1982 வரை ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் அமெரிக்கக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு முழு இலவசமும் சிலருக்குச் செலவில் ஒரு பங்கும் வைத்துப் பார்த்தது. பங்கு கட்டியவர்கள் மருத்துவரிடம் போவதைக் குறைத்தார்கள், உண்மை. ஆனால் எதைக் குறைத்தார்கள்? தேவையில்லாததையும் குறைத்தார்கள், அவசியமானதையும் ஏறத்தாழ அதே அளவு குறைத்தார்கள். எது அவசியம் என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ளத்தானே நம்மிடம் வருகிறார்? ரத்தக்கொதிப்பு இருந்த ஏழைகளைப் பொறுத்தவரை, இலவசப் பிரிவில் இருந்தவர்களுக்குத்தான் அழுத்தம் நன்றாகக் கட்டுப்பட்டது. கட்டணம் வைத்தால் கூட்டம் குறையும். ஆனால் குறைகிற கூட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று யாராவது எண்ணிப் பார்க்கிறார்களா?

நோயாளிகளுக்குச் சில வார்த்தைகள். உடம்பு நன்றாக இருக்கும்போதே அட்டை நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் எல்லோருடைய பெயரும் இருக்கிறதா? புதிதாகப் பிறந்த குழந்தை பல சமயம் விட்டுப்போகும். எந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது, ஓபி மருந்துக்குப் பணம் உண்டா என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அட்மிஷனுக்கு முன் எதெல்லாம் காப்பீட்டுக்கு வெளியே என்று கேளுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். ரத்தக்கொதிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை இருந்தால் தினமும் பாதத்தைப் பாருங்கள். வலிக்கவில்லையே என்று சும்மா இருக்காதீர்கள், வலிக்காத புண்தான் மோசமானது. தயவுசெய்து, தாமதமாகிவிட்டதே என்று கூச்சப்பட்டு இன்னும் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், சக மருத்துவர்களுக்கும் கவுண்டரில் இருப்பவர்களுக்கும். "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று எல்லோர் முன்னும் கத்தாதீர்கள். அடுத்த முறை அவர் வரவே மாட்டார். ரத்தம் எடுக்க ஒரு நாள், ரிப்போர்ட் வாங்க மறுநாள், மருத்துவரைப் பார்க்க மூன்றாம் நாள் என்று அலைய விடாதீர்கள். அது மூன்று நாள் கூலி. ஒரே நாளில் முடித்து அனுப்புங்கள். முடியாவிட்டால் முடிவைப் போனில் சொல்லிவிட்டு, மருந்து மாற்ற வேண்டியிருந்தால் மட்டும் வரச் சொல்லுங்கள்.